பாக்கெட்டில் இருக்கும் நம்பர்களில் எதற்குப் பயப்படுவது?

வாசகர் கேள்வி, 18-02-2024
தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயை நேற்றுத் தடை செய்துவிட்டார்கள். நல்லது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் விஷத்தை யார் தடை செய்வது? என் பையனுக்கு ஐந்து வயது. அவன் தின்கிற சிப்ஸ், நூடுல்ஸ், ஜூஸ், பிஸ்கட் எல்லாவற்றிலும் 102, 110, 211, 330, 621, 631 என்று நம்பர்கள். குடும்ப குரூப்பில் வந்த பட்டியலில் 330தான் புற்றுநோய்க்கு முதல் காரணம் என்றும், 631 பன்றிக் கொழுப்பு என்றும் போட்டிருக்கிறது. நம்பர் போட்ட எதையும் இனி வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். சரிதானே?

18-02-2024, இரவு 10.40
சரியில்லை. அப்படிப் பார்த்தால் மஞ்சளுக்கும் நம்பர் உண்டு. அதன் நிறப்பொருளான குர்குமின் 100. எலுமிச்சையின் புளிப்பான சிட்ரிக் அமிலம் 330. வைட்டமின் சி 300. சோடாவில் பொங்குகிற வாயு 290. ஆப்ப சோடா 500. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால் கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர அமைப்பு வைத்த வரிசை எண் அது. ஒரு பொருளுக்கு நம்பர் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அதை யாரோ எலிக்குக் கொடுத்து, அளந்து, எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பஞ்சு மிட்டாயில் பிடிபட்ட ரோடமின் பி-க்கு அந்தப் பட்டியலில் நம்பரே கிடையாது. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம்.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு பேக்கரியின் மூலப்பொருள் ஸ்டோரில் பல வருஷம் இருந்தவள். மூட்டை வந்தால் லேபிள் பார்த்து, எடை போட்டு, பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. விஞ்ஞானி இல்லை. ஆனால் எந்தச் சரக்கு எவ்வளவு போகிறது என்று தினம் எழுதினால் ஒரு கணக்குப் புத்தி வந்துவிடும்.

18-02-2024, இரவு 11.15
330 பற்றித் தனியாக. இந்தப் பட்டியலுக்கு வாட்ஸ்அப்பை விட வயசு அதிகம். 1976 வாக்கில் பிரான்சில் தட்டச்சு செய்த ஒரு துண்டுச்சீட்டு கைக்குக் கை போனது. வில்ஜுயிஃப் என்ற ஊரில் இருக்கும் புற்றுநோய் ஆய்வகம் வெளியிட்டதாக அதில் போட்டிருந்தது. அவர்கள் அப்படி எதுவும் வெளியிடவில்லை, மறுத்தும் பார்த்தார்கள். அந்தச் சீட்டிலும் மிக ஆபத்தானது என்று முதலிடம் 330க்குத்தான். ஜெராக்ஸ், ஃபேக்ஸ், மெயில் எல்லாம் தாண்டி உங்கள் குடும்ப குரூப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பட்டியலை நம்பினால் சாத்துக்குடியை மருந்துக் கடையில் சீட்டு காட்டித்தான் வாங்க வேண்டும்.

631: டைசோடியம் இனோசினேட். இறைச்சி, மீனிலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாவைப் புளிக்க வைத்தும் எடுக்கலாம். இந்தியாவில் பாக்கெட் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் சைவ மூலத்திலிருந்து எடுத்ததைத்தான் போட முடியும். கொழுப்பே இல்லை அது, உப்பு வகை. யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குகிறவர்கள் 627, 631, 635 மூன்றையும் கொஞ்சம் கவனிக்கலாம், பியூரின் வகை என்பதால். போடுகிற அளவு துளிதான். அவர்கள் ஆட்டு ஈரலைக் குறைப்பது அதைவிட அவசரம்.

20-02-2024
"நீங்கள் எந்த கம்பெனி ஆள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ரிட்டயர்ட் ஆள். பிஎஃப் பணம்கூட முழுசாக வந்தபாடில்லை.

பாக்கெட் எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. நம்பரை வைத்துப் பயப்படாதீர்கள், அளவை வைத்துப் பயப்படுங்கள் என்கிறேன். இரண்டும் வேறு வேறு.

24-02-2024
அளவு என்றால் எப்படிப் பார்ப்பது என்று கேட்ட தங்கைக்கு. கொஞ்சம் நீளமாகப் போகும்.

பல சேர்ப்புப் பொருள்களுக்கு ஒரு தினசரி அளவு வகுத்திருக்கிறார்கள். ஆயுசு முழுக்க தினம் சாப்பிட்டாலும் கெடுதல் வராது என்று கணிக்கிற அளவு, உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று. பெரும்பாலும் விலங்குகளுக்குக் கெடுதல் தெரியாத அளவை எடுத்து, அதை நூறால் வகுத்து வைப்பார்கள். டார்ட்ரசீன், அதாவது 102, மஞ்சள் சாயம். ஐரோப்பியக் கணக்கில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். உங்கள் பையன் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம்.

இனிப்பில் செயற்கை நிறம் நம் சட்டப்படி அதிகபட்சம் 100 பிபிஎம், ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம். ஆக, சட்டப்படி செய்த லட்டை அவன் ஒன்றரைக் கிலோ தின்றால்தான் எல்லையைத் தொடுவான். அதற்குள் வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரி போயிருப்பான்.

இது சட்டப்படி செய்த லட்டு. இப்போது கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். கேசரி பவுடர் டப்பாவில் சாயமும் உப்பும் கலந்திருக்கும், சாயம் எத்தனை சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். மாஸ்டர் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. கலர் "எடுக்கலையே" என்று இன்னொரு சிட்டிகை, சீரியல் லைட்டில் மங்கலாகத் தெரிகிறது என்று இன்னொன்று. பத்து மடங்கு போய்விட்டால் ஒன்றரைக் கிலோ என்பது 150 கிராமாக இறங்கிவிடும். ஒரு பையன் சாதாரணமாகத் தின்கிற கேசரி அது.

பிஸ்கட் லைனில் சாயம் கிராம் தராசில் எடை போட்டு, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு இறங்கும். மண்டபத்தில் விரல் நுனியில் இறங்கும். நம்பர் போட்ட பாக்கெட்டை விலக்கிவிட்டு மண்டபத்துக் கேசரியைப் பையனுக்கு ஊட்டினால் கணக்கு தலைகீழ்.

24-02-2024, கொஞ்சம் கழித்து
சாயம் எல்லையைத் தாண்டாவிட்டால் ஒன்றுமே செய்யாதா என்று கேட்டால், செய்யலாம். 2007ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சுமார் 300 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மூன்று வயசு ஒரு கூட்டம், எட்டு ஒன்பது வயசு ஒரு கூட்டம். ஆறு சாயங்களில் சிலவற்றைச் சோடியம் பென்சோயேட்டோடு பழரசத்தில் கலந்து கொடுத்துப் பார்த்ததில், சில பிள்ளைகள் கூடுதலாகத் துறுதுறுவென்று இருந்தார்கள், கவனம் குறைந்தது. எல்லோருக்கும் இல்லை, விளைவும் சின்னது, எந்தச் சாயம் என்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஐரோப்பாவில் 2010 ஜூலையிலிருந்து அந்த ஆறில் எது இருந்தாலும் "பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம்" என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். எச்சரிக்கை போடுவதை விடச் சாயத்தை மாற்றுவதே லாபம் என்று பல கம்பெனிகள் மிளகாய்ச் சாறுக்கும் பீட்ரூட்டுக்கும் போய்விட்டன. அந்த ஆறில் நான்கு இங்கே இன்னும் அனுமதியில் இருக்கின்றன: 102, 110, 122, 124. இங்கே அந்த எச்சரிக்கை வாசகம் கிடையாது.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு 102ம் தடிப்பு கிளப்பும். அவர்களுக்குப் பிபிஎம் கணக்கெல்லாம் உதவாது, மொத்தமாக விலக்க வேண்டியதுதான்.

12-03-2024
கர்நாடகத்திலும் நேற்று உத்தரவு வந்துவிட்டது. பஞ்சு மிட்டாயோடு கோபி மஞ்சூரியனுக்கும் நிறம் போடக் கூடாது. நிறம் போடாத வெள்ளைப் பஞ்சு மிட்டாய் விற்கலாமாம். சர்க்கரை சர்க்கரை நிறத்தில் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், அனுமதித்த சாயம் என்றாலும் எல்லாப் பண்டத்திலும் போட அனுமதி இல்லை. இந்தியாவில் எட்டுச் செயற்கைச் சாயம் அனுமதி. சிவப்பு மூன்று, மஞ்சள் இரண்டு, நீலம் இரண்டு, பச்சை ஒன்று. அதுவும் இனிப்பு, ஐஸ்கிரீம், கேக், பிஸ்கட், ஸ்குவாஷ் என்று பட்டியல் போட்ட பண்டங்களில்தான். பிரியாணியில் கூடாது. சிக்கன் 65ல் கூடாது. பஜ்ஜி மாவில் கூடாது. நாலு ரோட்டில் நின்று பாருங்கள், எந்தக் கடை 65 நிறமில்லாமல் இருக்கிறது? காஷ்மீரி மிளகாய் விலைக்கு அந்தச் சிவப்பு கட்டுப்படியாகாது என்கிறார்கள் கடைக்காரர்கள். அது உண்மையும்கூட.

15-03-2024
"பண்டத்தைத் தண்ணீரில் போடுங்கள், நிறம் இறங்கினால் ரோடமின்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இல்லை தம்பி. அனுமதித்த எட்டும் தண்ணீரில் கரைகிற சாயம்தான், அதுவும் இறங்கும். பச்சைப் பட்டாணி மாதிரி நிறமே சேர்க்கக் கூடாத பண்டத்துக்குத்தான் தண்ணீர்ச் சோதனை பொருந்தும். அதில் நிறம் இறங்கினாலே தப்பு.

நோட்டுச் சோதிக்கிற ஊதா விளக்கில் ரோடமின் பளபளக்கும், அது சரி. எரித்ரோசின் என்ற அனுமதித்த சிவப்பும் லேசாக மின்னும் என்பதால் அதை வைத்தும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது. சந்தேகம் இருந்தால் மாதிரியை ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். கிண்டி, சேலம், கோவை, தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டை என்று அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடங்கள் இருக்கின்றன. வாங்கியவரே கட்டணம் கட்டிச் சோதிக்கலாம் என்று 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பிரிவு உண்டு. யாரும் செய்வதில்லை. நானும் செய்ததில்லை.

29-04-2024
புகை பிஸ்கட் வீடியோ பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. பிஸ்கட்டை முக்குவது திரவ நைட்ரஜனில், கழித்தல் 196 டிகிரி. அதற்கும் நம்பர் இருக்கிறது, 941. நம்மைச் சுற்றி இருக்கிற காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். விஷம் இல்லை, குளிர்தான் கொல்லும். முழுக்க ஆவியான பிறகு தின்றால் ஒன்றுமில்லை. புகை வர வர வாயில் போடுவதுதான் அந்தக் கடையின் வியாபாரமே. பிள்ளைகளை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

19-05-2024
மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ பாக்கெட் எல்லாம் ஓகே" என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கிறார். வெயில் காலம் வந்து வீட்டில் ஸ்குவாஷ் பாட்டில் திறந்திருக்கிறது, அதனால் இதைச் சொல்ல வேண்டும். 102க்குப் போட்ட அதே கணக்கை 224க்குப் போட்டுப் பாருங்கள்.

224 என்பது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். வீட்டில் ஸ்குவாஷ் போடுகிறவர்களுக்கு கேஎம்எஸ் என்றால் தெரியும். அதிலிருந்து வருகிற கந்தக டைஆக்சைடுதான் பூஞ்சையையும் ஈஸ்ட்டையும் தடுக்கிறது. தினசரி அளவு கிலோவுக்கு 0.7 மில்லிகிராம், பல வருஷமாக உலகம் முழுக்கப் புழங்குகிற எண். 20 கிலோப் பிள்ளைக்கு 14 மில்லிகிராம். ஸ்குவாஷில் நம் சட்டம் அனுமதிப்பது 350 பிபிஎம். ஒரு டம்ளருக்கு 50 மில்லி ஊற்றி மூன்று பங்கு தண்ணீர் கலந்தால் சுமார் 17 மில்லிகிராம்.

ஒரு டம்ளர். சட்டத்தை மீறாமல், லேபிளில் ஒழுங்காகப் போட்டு, ஒரே டம்ளரில் தாண்டியாயிற்று.

அதிகபட்ச அளவு அது, எல்லாக் கம்பெனியும் அவ்வளவு போடுவதில்லை, பாட்டிலில் நாள்பட நாள்படக் குறையவும் செய்யும். அதெல்லாம் சரி. ஒருநாள் தாண்டினால் ஒன்றும் ஆகாது என்பதும் சரி. தினசரி அளவு என்பது ஆயுசுக் கணக்கு. ஆனால் 102ல் ஒன்றரைக் கிலோ இடைவெளி இருந்தது, இதில் இடைவெளியே இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். யாருடைய பயப் பட்டியலிலும் 224 முதலில் வருவதில்லை.

20-05-2024
என் அண்ணன் மகனுக்கு வீசிங். வருஷக்கணக்காகத் தூசி, தலையணை, ஐஸ்கிரீம் என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டார்கள். அவன் அம்மாவே ஒருநாள் கவனித்துச் சொன்னது, பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கிற உலர்ந்த ஆப்ரிகாட் தின்றால் அரை மணிக்குள் இழுக்கிறது, வீட்டில் பிழிந்த எலுமிச்சைக்கு இழுப்பதில்லை, பாட்டில் எலுமிச்சைக்கு இழுக்கிறது. டாக்டரிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே சல்பைட் பற்றி. ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சின்னப் பங்குக்கு இது ஒத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் சாலட் பார்களில் காய்கறி வாடாமலிருக்க இதைத் தெளித்துச் சிலர் இறந்தே போன பிறகு, 1986ல் பச்சையாகச் சாப்பிடும் காய்கனிகளில் தடை செய்தார்கள்.

ஆகவே வீசிங் உள்ள வீடுகளில் 220லிருந்து 228 வரை பார்த்து வாங்குங்கள். தங்க நிறத் திராட்சையிலும் இருக்கும். கறுப்புத் திராட்சையில் பெரும்பாலும் இருக்காது.

21-05-2024
வீட்டில் ஸ்குவாஷ் போடும் அக்காமார்களுக்கு. தையல் கிளாஸ், ஜாம் கிளாஸ் எல்லாம் போன காலத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது: எலுமிச்சை, மாம்பழம், அன்னாசி மாதிரி வெளிர் நிறத்துக்கு கேஎம்எஸ். திராட்சை மாதிரி அடர் நிறத்துக்கு சோடியம் பென்சோயேட், ஏனென்றால் கேஎம்எஸ் நிறத்தை வெளுத்துவிடும். ஒரு லிட்டருக்கு கேஎம்எஸ் அரை கிராமைக் கொஞ்சம் தாண்டினாலே 350 பிபிஎம் வந்துவிடும். "கால் ஸ்பூன்" என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது ஒரு கிராமுக்கு மேலே போகும். நகை எடை போடுகிற சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது கேஎம்எஸ்ஸே வேண்டாம், அன்றன்று பிழியுங்கள். எலுமிச்சை பிழிய என்ன அப்படி நேரம் ஆகிறது.

பென்சோயேட்டோடு வைட்டமின் சி-யும் சேர்ந்து வெயிலில் நின்றால் பென்சீன் உண்டாகும் என்று எழுதியவர் சொன்னது சரி. குளிர்பானங்களில் அளந்து பார்த்து, சிலவற்றை மாற்றி அமைக்கச் சொன்னார்கள், 2006 வாக்கில். கடை வாசலில் நாள் முழுக்க வெயில் காய்கிற கிரேட்டிலிருந்து நான் எடுப்பதில்லை. ஊறுகாய்க்கு 211, அதாவது சோடியம் பென்சோயேட், அதிகபட்சம் 250 பிபிஎம். தினசரி அளவு ஐரோப்பியக் கணக்கில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதைத் தொட 20 கிலோப் பிள்ளை 400 கிராம் ஊறுகாய் தின்ன வேண்டும். உப்பு முந்திக்கொள்ளும்.

02-06-2024
அஜினமோட்டோ, அதாவது 621. வரும் என்று தெரியும்.

1908ல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர் கடற்பாசிச் சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிரித்தெடுத்தது குளூட்டமேட். பழுத்த தக்காளியில் இருக்கிறது, தாய்ப்பாலில் இருக்கிறது. உடம்பு இது தக்காளியிலிருந்து வந்ததா டப்பாவிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கெட்ட பெயர் வந்தது 1968ல். அமெரிக்காவில் ஒரு மருத்துவர் சீன ஹோட்டலில் சாப்பிட்டால் பின்கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சோயா சாஸா, சமையல் ஒயினா, உப்பா, இதுவா என்று அவர் கேள்வியாகத்தான் எழுதினார். மற்றவை எல்லாம் தப்பித்துவிட்டன. பின்னால் எதில் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், வெறும் வயிற்றில் மூன்று கிராமுக்கு மேல் விழுங்கினால் சிலருக்குத் தலைவலி, படபடப்பு வந்தது. சாப்பாட்டோடு கலந்து கொடுத்தபோது உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை.

2015 நூடுல்ஸ் தடையைச் சொல்கிறவர்களுக்கு: அதில் வழக்கு ஈயத்தின் அளவைப் பற்றியும், சேர்க்கவில்லை என்று லேபிளில் போட்டதைப் பற்றியும். குளூட்டமேட் விஷம் என்று எந்த உத்தரவும் சொல்லவில்லை. அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கி மறுபடி சோதிக்கச் சொன்னது, அந்தச் சோதனையில் தேறிவிட்டது.

ஆனால் (இந்த "ஆனால்" இல்லாமல் எனக்கு எழுத வராது) ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2017ல் எல்லாக் குளூட்டமேட்டுக்கும் சேர்த்து கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. 60 கிலோ ஆளுக்கு 1.8 கிராம். தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸில் மாஸ்டர் கரண்டி நுனியில் அள்ளிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டுக்கே அது தாண்டும். மறுபடியும் அதே கதைதான், பாக்கெட்டில் அளவு உண்டு, கரண்டியில் இல்லை. ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் எந்த வடிவிலும் சேர்க்காதீர்கள்.

சோடியத்துக்குப் பயந்து விலக்குகிறவர்கள் தெரிந்துகொள்ள: அஜினமோட்டோவில் சோடியம் சுமார் 12 சதவீதம், சமையல் உப்பில் 39.

03-06-2024
"உங்கள் வீட்டில் போடுவீர்களா?" இல்லை. ரசத்துக்குத் தக்காளி இருக்கிறது. சாம்பாருக்குப் பருப்பு இருக்கிறது. எனக்குத் தேவைப்படவில்லை.

11-07-2024
பிரெட் பற்றி. இது என் சரக்கு என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பொட்டாசியம் புரோமேட், 924. மாவுக்குள் பசைப் புரதத்தை முறுக்கேற்றி பிரெட்டை உயரமாக எழுப்பும். ஓவனில் சரியான சூட்டில் சரியான நேரம் வெந்தால் அது புரோமைடாக மாறிவிட வேண்டும், மிச்சம் நிற்காது. அவசரத்தில் எடுத்தால் நிற்கும். எலிகளுக்குச் சிறுநீரகக் கட்டி வந்ததால் 1990லேயே ஐரோப்பாவில் நிறுத்திவிட்டார்கள். இங்கே 2016 மே மாதம் டெல்லியில் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 38 பிரெட், பன் மாதிரிகளைச் சோதித்து 84 சதவீதத்தில் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாக வெளியிட்டது. ஜூன் மாதம் புரோமேட்டுக்குத் தடை வந்துவிட்டது. ஒரு மாசத்தில்.

எங்கள் ஸ்டோரில் அது வெள்ளைப் பொடியாக "இம்ப்ரூவர்" என்ற பெயரில் வந்துகொண்டிருந்தது. மூட்டையில் உள்ளடக்கம் இருக்கும், நாங்கள் படிப்போம், அனுமதி இருந்தது, இறக்கினோம். தடைக்குப் பிறகு வைட்டமின் சி-யும் என்சைமும் கலந்த இம்ப்ரூவர் வந்தது. மாஸ்டர்கள் முதல் இரண்டு வாரம் பிரெட் எழும்பவில்லை என்று சத்தம் போட்டார்கள். அப்புறம் பிசைகிற நேரத்தையும் ஊறுகிற நேரத்தையும் மாற்றினதும் சரியாகிவிட்டது. அத்தனை வருஷம் அந்தப் பொடி மிச்சப்படுத்திக் கொடுத்தது பிசைகிற நேரத்தைத்தான்.

"அனுமதி உண்டு" என்று நான் மேலே எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் இதையும் சேர்த்துப் படியுங்கள். 2016 மே வரை புரோமேட்டுக்கும் அனுமதி இருந்தது.

11-07-2024, மாலை
இதே மாதிரி இன்று அனுமதி இருந்து நாளை மாறலாம் என்று நான் சந்தேகிப்பது எது என்று கேட்டால், கெட்டியாக்கிகளும், எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கிற எமல்சிஃபையர்களும். 433, 466 இரண்டும் எலிகளின் குடல் கிருமிகளைக் கெடுத்து வீக்கம் உண்டாக்கின என்று 2015ல் ஒரு ஆய்வு வந்தது. 466ஐ மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சின்னச் சோதனையிலும் குடல் கிருமிகள் மாறின. உறுதியாகச் சொல்ல அது போதாது. சாயம் மாதிரி கண்ணுக்குத் தெரியாது, ஐஸ்கிரீம், சாஸ், கேக் மிக்ஸ் எதை எடுத்தாலும் இருக்கும். இதில் எனக்கே தீர்மானம் இல்லை. ஐஸ்கிரீம் சாப்பிடுகிறேன்.

04-08-2024
சுகர்ஃப்ரீ கேட்ட அண்ணனுக்கு. அஸ்பார்டேம், 951. போன வருஷம் ஜூலையில் புற்றுநோய் ஆய்வு முகமை "புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற 2பி வகையில் சேர்த்தது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனத்தின் இன்னொரு குழு, கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய எல்லை அப்படியே இருக்கட்டும் என்றது. 70 கிலோ ஆள் ஒரு நாளைக்கு டயட் பானம் ஒன்பது கேனுக்கு மேல் குடித்தால்தான் தாண்டும். முதல் குழு பார்ப்பது கெடுக்கும் குணம் இருக்கிறதா என்று, இரண்டாவது பார்ப்பது எவ்வளவில் என்று. பத்திரிகைகள் முதல் குழுவை மட்டும் போட்டன. நீங்கள் காபிக்கு ஒரு மாத்திரை போடுகிறீர்கள். கவலை வேண்டாம். பிறவியிலேயே பிகேயு என்ற குறைபாடு உள்ளவர்கள் மட்டும் தொடவே கூடாது.

20-10-2024
தீபாவளிக்குப் பலகாரம் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் மாஸ்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி "கலர் போடுவீங்களா?" இல்லை. "போடாம வராதுங்க" என்பார். "டப்பாவைக் காட்டுங்க" என்று கேளுங்கள். லேபிள் உள்ள டப்பா என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பொட்டலத்தில் மடித்த பொடி என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஜிலேபிக்கும் லட்டுக்கும் நிறமே வேண்டாம் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொன்னால் செய்து தருகிறார்கள். எங்கள் வீட்டு லட்டு இந்த வருஷம் கடலை மாவு நிறத்தில்தான் இருக்கும். சம்பந்தி வீட்டில் "வேகலையா?" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

15-01-2025
பொங்கல் முடிந்தது. வெல்லம் பற்றிப் போன வாரம் கேட்டவர்களுக்கு இப்போதுதான் பதில். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் என்றால் பெரும்பாலும் ஹைட்ராஸ் போட்டு வெளுத்தது. அதுவும் கந்தகச் சரக்குதான், 224 பற்றி எழுதியதை மறுபடி படித்துக்கொள்ளுங்கள், வீசிங் உள்ள வீட்டுக்கு அதே எச்சரிக்கை. பாகு காய்ச்சும்போது சுண்ணாம்பும் வெண்டைத் தண்டுச் சாறும் போட்டு அழுக்கெடுப்பது பழைய முறை. அப்படி எடுத்த வெல்லம் கறுப்பாகத்தான் இருக்கும். கவுந்தப்பாடிச் சந்தையில் கறுப்புச் சர்க்கரையைத் தேடி வாங்குகிறவர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். வெளுப்பான சரக்குக்குத்தான் விலை அதிகம் என்கிற வரைக்கும் ஆலைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை.

17-01-2025
அமெரிக்காவில் நேற்று முன்தினம் சிவப்பு 3ஐ நீக்கிவிட்டார்கள். அதுதான் எரித்ரோசின், நம் நம்பரில் 127. உணவுக் கம்பெனிகளுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். ஆண் எலிகளுக்குத் தைராய்டு கட்டி வந்தது பழைய செய்தி, 1990லேயே லிப்ஸ்டிக்கில் தடை செய்துவிட்டு உணவில் விட்டுவைத்திருந்தார்கள். எலிக்கு வந்த வழியில் மனிதனுக்கு வராது என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் விலங்குக்குப் புற்றுநோய் வந்தாலே அனுமதி கூடாது என்று அவர்கள் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, அதனால் எடுத்தாயிற்று.

இந்தியாவில் 127 அனுமதியில் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தினசரி அளவு கிலோவுக்கு வெறும் 0.1 மில்லிகிராம், சாயங்களில் மிகக் குறைவானவற்றில் ஒன்று. 20 கிலோப் பிள்ளைக்கு 2 மில்லிகிராம். 100 பிபிஎம் என்றால் 20 கிராம் பண்டத்திலேயே வந்துவிடும். 102க்கு ஒன்றரைக் கிலோ, இதற்கு 20 கிராம்.

பேக்கரியில் இது எங்கே வரும் என்றால் செர்ரியிலும் சிவப்பு டூட்டி ஃப்ரூட்டியிலும். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய்த் துண்டைச் சர்க்கரைப் பாகில் ஊறப் போட்டுச் சாயம் ஏற்றியது. எல்லாரும் 127 போடுவதில்லை, 122, 124 போடுகிறவர்களும் உண்டு. பாக்கெட்டைத் திருப்பினால் தெரியும். பன்னுக்குள் போய்விட்டால் தெரியாது.

18-01-2025
டூட்டி ஃப்ரூட்டி நிறமில்லாமல் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: சில்லறையில் நான் பார்த்ததில்லை. பேக்கரிக்கு மொத்தமாகப் போடுகிறவர்களிடம் சொன்னால் பாகில் ஊறினதைச் சாயத்தொட்டிக்குப் போகும் முன்பே எடுத்துத் தருகிறார்கள், வெளிர் பச்சையாக இருக்கும். நான் பழைய சப்ளையரிடம் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். ஈரோட்டில் இருப்பவர்களுக்கு வேண்டுமென்றால் தனிச் செய்தியில் சொல்லுங்கள், பங்கு போட்டுக்கொள்ளலாம், எனக்கு அவ்வளவு தேவைப்படாது.